செயலியில் இயங்கும் தானியங்கி காபி மெஷின்: காபிக்காக வாங்கலாம், செயலிக்காக வேண்டாம்

படுக்கையில் இருந்தபடியே போனைத் தொட்டால் சமையலறையில் காபி தயார் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த மெஷின்களைப் பற்றிய விமர்சனம் இது. கொட்டையை அரைத்து, அழுத்தி, வடித்து, சக்கையையும் தானே தள்ளிவிடும் தானியங்கி வகை. கூடவே வை-ஃபையும் ஒரு செயலியும். வெளித்தோற்றமும் மெனுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒழுங்காகப் பராமரித்தால் காபி நன்றாகவே வரும். செயலியோ, விளம்பரத்தில் சொல்வதில் பாதியைக்கூடச் செய்வதில்லை. காபி குடிக்காமல் காலை நகராது என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கு உண்மையில் தேவையான தகவல், இன்றைக்கு எவ்வளவு கஃபீன் உள்ளே போயிருக்கிறது என்பது. பெரும்பாலான செயலிகளில் அது கிடையாது. எத்தனை கப் என்று மட்டும் எண்ணிச் சொல்லும்.

முதலில் மெஷின். மேலே இருக்கும் டப்பாவிலிருந்து கொட்டை கிரைண்டருக்குள் இறங்கும். சுமார் 7 முதல் 12 கிராம் வரை அரைபட்டு, காபி வடியும் பகுதியான ப்ரூ யூனிட்டில் விழும். ஒரு பிஸ்டன் தூளை அழுத்தும், பம்ப் 90 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் தண்ணீரைத் தள்ளும், அரை நிமிடத்துக்குள் காபி இறங்கி முடியும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 15 பார், 19 பார் எல்லாம் பம்ப்பின் உச்சபட்ச அழுத்தம். தூளின் மேல் தேவைப்படுவது 9 பார் அளவுதான். அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

சுவையைத் தீர்மானிப்பது அரைக்கும் பதம். கைப்பிடியில் திருகி மாற்றும் மாடல்களில், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே பதத்தை மாற்ற வேண்டும். நின்றிருக்கும்போது நைசுப் பக்கம் திருப்பினால், பற்களுக்கு இடையே சிக்கியிருக்கும் கொட்டைத் துண்டு நெருக்கப்பட்டு கிரைண்டர் இறுகிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு படிதான். மாற்றியதன் பலன் உடனே தெரியாது, பழைய தூள் உள்ளே தங்கியிருப்பதால் மூன்றாவது கப்பில்தான் தெரியும். இது தெரியாமல் ஒரே நேரத்தில் நாலு படி திருப்புகிறவர்கள் அதிகம். விளைவு, சொட்டுச் சொட்டாக இறங்கும் கடும் கசப்பு. நேர்மாறாகப் பதம் பருமனாக இருந்தால் காபி சடசடவென்று ஊற்றிவிடும். நிறம் வெளுத்து, சுவை சப்பென்று லேசான புளிப்போடு இருக்கும்.

எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கருக வறுத்த கொட்டை இந்த மெஷினுக்கு ஆகாது. டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. கிரைண்டர் வெறுமனே சுற்றும், திரையில் ‘கொட்டை இல்லை’ என்று வரும், பார்த்தால் டப்பா பாதி நிறைந்திருக்கும். நடுத்தர வறுவலே பொருத்தம். சர்க்கரையோ வாசனைப் பூச்சோ போட்ட கொட்டையைப் போடவே கூடாது, பற்களில் பாகாகப் படிந்து கிரைண்டரையே மாற்ற வைக்கும்.

இனி கஃபீன். செயலியில் ‘வீரியம்’ என்ற இடத்தில் மூன்றோ ஐந்தோ கொட்டைப் படங்கள் இருக்கும். ஒரு படம் எத்தனை கிராம் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. இந்த ஒளிவுதான் இந்த வகை மெஷின்கள் மேல் நமக்குள்ள முதல் புகார், ஏனென்றால் கஃபீன் கணக்கு முழுவதும் அந்தக் கிராமில்தான் இருக்கிறது. நாமே கண்டுபிடிக்கலாம். மெஷின் ‘கொட்டை இல்லை’ என்று காட்டும் வரை ஓடவிடுங்கள். அந்த நிலையில் தராசில் நிறுத்த 100 கிராம் கொட்டையைப் போடுங்கள். வீரியத்தை மாற்றாமல், மறுபடி ‘கொட்டை இல்லை’ வரும் வரை எத்தனை கப் வருகிறது என்று எண்ணுங்கள். பத்து கப் வந்தால் கப்புக்கு 10 கிராம். காலி நிலையிலிருந்து காலி நிலைவரை எண்ணுவதால், கிரைண்டருக்குள் தங்கும் கொட்டை கணக்கைக் கெடுக்காது.

அராபிகா வகைக் கொட்டையின் எடையில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம். ரோபஸ்டா வகையில் அதுபோல் இரண்டு மடங்கு. 10 கிராம் அராபிகாவில் 120 மில்லிகிராம், அதில் பெரும்பகுதி கப்பில் இறங்கிவிடும். ஒரு கப்புக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. ரோபஸ்டா கலந்த கொட்டை என்றால் அதே கப், அதே பட்டன், அதே மூன்று படம், ஆனால் கஃபீன் எங்கேயோ ஏறிவிடும். ‘டபுள்’ பட்டனை அமுக்கினால் பல மாடல்களில் இரண்டு தடவை அரைத்து வடிக்கும், செயலியின் கணக்கில் அதுவும் ஒரே பானம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை கவலை தராதது, ஒரே வேளையில் 200 வரை, கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து 200. அதாவது இரண்டு டபுள் குடித்தவர் அன்றைய அளவைத் தொட்டுவிட்டார். செயலியோ ‘இன்று 2 பானங்கள்’ என்று காட்டிக்கொண்டிருக்கும்.

கருக வறுத்த காபியில் வீரியம் அதிகம் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. கசப்பு கூடும், எடைக்கு எடை கஃபீனில் பெரிய வித்தியாசம் வராது. நாக்கை வைத்துக் கஃபீனை அளக்க முடியாது.

இந்த அளவு ஏன் முக்கியம்? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் வருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கஃபீன் அது உட்கார வேண்டிய ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோர்வு போகவில்லை, சோர்வின் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தினமும் இது நடந்தால் உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பிறகு திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, மந்தம், எரிச்சல் தொடங்கும். முதல் இரண்டு நாட்கள் கடுமையாக இருக்கும், ஒன்பது நாள் வரைகூட இழுக்கலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் கஃபீன் விலகல் ஒரு நோயறிதலாகவே சேர்க்கப்பட்டது. காலையில் முதல் கப் தரும் தெளிவில் ஒரு பங்கு, இரவெல்லாம் கஃபீன் இல்லாமல் இருந்ததன் தவிப்பு தீர்வதுதான்.

உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் நீளும், புகைபிடிப்பவர்களுக்குக் குறையும். மாலை 4 மணிக்குக் குடித்த 100 மில்லிகிராமில் இரவு 9 மணிக்கு 50 மீதி, நடுராத்திரி 2 மணிக்கு 25. கஃபீனின் நேரத்தைக் கவனிக்க ஒரு செயலி உதவ முடியும் என்றால் அது இந்த இடத்தில்தான்: மதியம் 2 மணிக்கு மேல் வீரியத்தைத் தானே குறைப்பது, டிகாஃப், அதாவது கஃபீன் நீக்கிய காபி போடச் சொல்வது. அந்த வேலையைச் செய்யாமல் ‘மாலை நேரத்துக்கு ஒரு லாட்டே?’ என்று அறிவிப்பு அனுப்புகிறார்கள் என்றால், அந்தச் செயலி யாருக்காக வேலை செய்கிறது என்பது தெளிவு. நிறுவியவுடன் அறிவிப்பு அமைப்புக்குப் போய்த் தண்ணீர், உப்புப் படிவு நீக்கம் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

செயலியின் பெரிய விற்பனைச் சொல் ‘காலை 6 மணிக்குத் தானாகவே காபி’. நடைமுறையில் இதில் சிக்கல் உண்டு. இந்த மெஷின்கள் ஆன் ஆனதும் குழாய்களைக் கழுவ ஒரு தடவை வெந்நீர் விடும், அதுவும் காபி வரும் அதே மூக்கு வழியாக. முந்தின இரவே கப்பை வைத்துவிட்டுப் படுத்தால் முதலில் அந்தக் கழுவு நீர் கப்பில் விழும், அதன்மேல் காபி இறங்கும். பானத்தைத் தொலைவிலிருந்து தொடங்க, பாதுகாப்புக்காக மெஷினிலேயே முன்கூட்டி ஒரு பட்டனை அமுக்கி அனுமதி தர வேண்டிய மாடல்களும் உண்டு. ஆக மிஞ்சுவது, மெஷினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கும் வசதி மட்டும். இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக், அது ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். கொதிகலன் வைத்த பெரிய மெஷின்களில் முன்சூடு உண்மையிலேயே உதவும், இதில் மிச்சமாவது அந்த ஒரு நிமிடம்தான். அதற்காகக் கண் விழித்ததும் போனைக் கையில் எடுக்கிறோம், எடுத்த கையோடு மெயில், செய்தி, வாட்ஸ்அப் எல்லாம் திறந்துவிடுகின்றன. காபிப் பழக்கத்தையும் போன் பழக்கத்தையும் ஒரே முடிச்சாகப் போடுகிற இந்த ஏற்பாடு நல்லதல்ல. எழுந்து நடந்துபோய், இது தேவையா என்று ஒரு கணம் யோசித்துப் பட்டனை அமுக்குவது இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் மூன்றாவது கப் நான்காவது கப்பாகாமல் நிற்கிறது.

நெட்வொர்க் இணைப்பில் தகராறு வருவது சகஜம். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தந்தால், முதல் இணைப்பின்போது போன் 5-இல் நிற்கும், மெஷின் 2.4-இல் தேடும், ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று வரும். ரவுட்டரில் 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இணைத்து, பிறகு திரும்ப ஆன் செய்வதே சுலபமான வழி. ரவுட்டரில் வை-ஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பல மாடல்கள் சேராது, டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்த முறைக்கு மாற்ற வேண்டும். போனில் புளூடூத், இருப்பிட அனுமதி இரண்டையும் இணைக்கும்போது மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். ரவுட்டரையோ கடவுச்சொல்லையோ மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மெஷின் நாலடி தூரத்தில் இருந்தாலும், பல மாடல்களில் போனிலிருந்து போகும் கட்டளை கம்பெனியின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வரும். இணையம் போனால் செயலி ஊமை. அந்த சர்வரை ஒருநாள் கம்பெனி நிறுத்திவிட்டால் நிரந்தரமாகவே ஊமை. கிரைண்டரும் பம்ப்பும் பராமரித்தால் பல வருடம் ஓடும், செயலிக்கு அந்த ஆயுள் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பாதுகாப்பும் சாதாரண விஷயமல்ல. 2020-இல் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் மார்ட்டின் ஹ்ரான், வை-ஃபை காபி மெஷின் ஒன்றின் உள்மென்பொருளை மாற்றி, அது தானாகவே வெந்நீர் விடவும், கிரைண்டரைச் சுற்றவும், திரையில் பணம் கேட்டு மிரட்டவும் செய்து காட்டினார். நிறுத்த ஒரே வழி பிளக்கைப் பிடுங்குவதுதான். அந்த மெஷின் தனக்கு வரும் மென்பொருள் உண்மையானதா என்று சரிபார்க்கவே இல்லை. எனவே இணைத்தே ஆக வேண்டும் என்றால் ரவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கில் இணையுங்கள், வீட்டுக் கணினிகள் இருக்கும் பக்கம் வேண்டாம். எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பதையும் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இந்தக் காலத்தை வெளிப்படையாகச் சொல்வது தயாரிப்பாளர்களுக்குச் சட்டக் கட்டாயம். மற்ற இடங்களில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

செயலியால் உருப்படியான பயன் இல்லாமலும் இல்லை. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு காபிக் குடுவைக்கு எதிரே கேமரா வைத்தார்கள். மாடி ஏறி இறங்காமல், குடுவையில் காபி இருக்கிறதா என்று தம் கணினியிலேயே பார்த்துக்கொள்ள. 1993-இல் அது வலைக்கு வந்தது, 2001 வரை ஓடியது. இன்றைய செயலிகளிலும் நன்றாக வேலை செய்வது அந்த வகைத் தகவல்தான்: தண்ணீர் இருக்கிறதா, சக்கைப் பெட்டி நிறைந்ததா, படிவு நீக்கும் தேதி எப்போது. வீரியம், அளவு, சூடு மூன்றையும் ஆளுக்கொரு கணக்கில் சேமித்து வைப்பதும் சிறு திரையில் குத்துவதைவிடச் செயலியில் எளிது. ஒருமுறை அமைத்து மெஷினிலேயே பதிந்துவிட்டால் பிறகு செயலி தேவையில்லை.

கஃபீனைக் குறைக்க நினைப்பவருக்கு இந்த மெஷின், செயலி இல்லாமலே, நல்ல கருவி. அளவு கப்புக்குக் கப் அதிகம் மாறாது என்பதால் படிப்படியாக இறக்கலாம். டப்பாவில் மூன்று பங்கு சாதாரணக் கொட்டை, ஒரு பங்கு டிகாஃப் கலந்து ஒரு வாரம். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதற்கடுத்து ஒரு பங்குக்கு மூன்று பங்கு டிகாஃப். தலைவலி எட்டிப் பார்த்தால் அந்தப் படியிலேயே இன்னும் சில நாள் நின்றுவிட்டுப் பிறகு இறங்குங்கள். கொட்டைகளை வெளியே ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கலந்துதான் போட வேண்டும், டப்பாவில் அடுக்கடுக்காகப் போட்டால் அடுக்கடுக்காகவே இறங்கும். டிகாஃப் சற்று வேறு மாதிரி அரைபடும், ஓட்டம் மாறினால் பதத்தை ஒரு படி திருத்துங்கள். டிகாஃப் என்றால் பூஜ்யம் என்றும் நினைக்க வேண்டாம், கப்புக்குச் சில மில்லிகிராம் இருக்கும்.

மாலையில் மட்டும் டிகாஃப் வேண்டுமென்றால், அரைத்த தூள் போடுவதற்கென்று மேலே தனி வாய் இருக்கும். கூடவே வரும் கரண்டியால் ஒரே ஒரு கரண்டி. இரண்டு போட்டால் ப்ரூ யூனிட்டில் இடம் போதாமல் தூள் வெளியே சிந்தி உள்ளே சேறாகும். இன்ஸ்டன்ட் தூளை இந்த வாயில் போடவே கூடாது, ஈரம் பட்டதும் கரைந்து ஒட்டிப் பாதையை அடைத்துவிடும்.

பராமரிப்பில் கோட்டை விட்டால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. ப்ரூ யூனிட்டைக் கழற்ற முடிகிற மாடலையே வாங்குங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, சோப்பு போடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காய வைத்து மாட்ட வேண்டும். சோப்பு பட்டால் ரப்பர் வளையத்தில் இருக்கும் கிரீஸ் போய்விடும், யூனிட் முனகும், பிறகு பாதியில் சிக்கி நிற்கும். சில மாதத்துக்கு ஒருமுறை உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸை அந்த வளையத்தில் மெல்லியதாகத் தடவினால் போதும். சக்கைப் பெட்டி விஷயம் பலருக்குத் தெரியாது: பல மாடல்களில் அது நிறைந்திருக்கிறதா என்று மெஷின் பார்ப்பதில்லை, கப்பை எண்ணுகிறது. எனவே மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் பெட்டியை எடுத்துக் கொட்ட வேண்டும், அப்போதுதான் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். அணைத்துவிட்டுக் கொட்டினால், காலிப் பெட்டியைப் பார்த்து ‘நிறைந்துவிட்டது’ என்று அடம்பிடிக்கும். ஈரச் சக்கையை அப்படியே விட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது பூஞ்சை வரவேற்கும். இதைச் செயலி எச்சரிக்காது.

பால் போகும் குழாய் உள்ள மாடலில், பானம் முடிந்த உடனே கழுவும் பட்டனை அமுக்கி, அன்றன்றைக்குக் கழற்றியும் கழுவ வேண்டும். காய்ந்த பால் காற்றுத் துளையை அடைத்தால் நுரை வராது, சூடான பால் மட்டும் துப்பும்.

உப்புப் படிவுதான் மெஷினைக் கொல்வது. பெட்டியோடு வரும் காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கடினத்தன்மையைப் பார்த்து, அந்த எண்ணை மெனுவில் பதிய வேண்டும். படிவு நீக்கும் நினைவூட்டல் இந்த எண்ணையும் ஓடிய தண்ணீரின் அளவையும் வைத்துத்தான் வருகிறது. எண் தவறென்றால் நினைவூட்டலும் தவறு. வினிகர் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது, வாடையும் போகாது. தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தையே பயன்படுத்துங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் நிறுத்தினால் பல மாடல்கள் அதை முடிக்கும் வரை காபி தராது. அவசரமான காலையில் தொடங்காதீர்கள். உதிர்ந்த படிவுத் துணுக்கு தண்ணீரை அளக்கும் சிறு சக்கரத்தில் சிக்கினால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ‘தண்ணீர் இல்லை’ என்று பிழை வரும். தொட்டி காலியாகிப் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டாலும் இதே பிழைதான், கூடவே சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருக்கும். தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து சில விநாடி ஓடவிட்டால் காற்று வெளியேறிவிடும்.

நாளுக்கு ஒரே கப் குடிப்பவருக்கு இது வேண்டாம். டப்பாவில் கொட்டை மணம் இழக்கும், காபியைவிடக் கழுவு நீர் அதிகம் போகும். மூன்று நாலு பேர் வெவ்வேறு விதமாகக் குடிக்கும் வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் தாராளமாக வாங்கலாம். வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் முடிவதற்குள், ரவுட்டரை அணைத்துவிட்டு மெனுவில் உள்ள ஒவ்வொரு பானத்தையும் மெஷினின் சொந்தப் பட்டன்களாலேயே போட்டுப் பாருங்கள். வீரியம், அளவு, அரைக்கும் பதம், படிவு நீக்கம் ஆகியவையும் செயலி இல்லாமல் மாற்ற வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று செயலியில் கணக்குத் தொடங்கினால்தான் திறக்கும் என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியின் வை-ஃபை இல்லாத மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதே கிரைண்டர், அதே ப்ரூ யூனிட்தான் அதிலும் இருக்கும்.